பழைய கிளாக் 19 மக்கர் பண்ணா எங்க பாக்கணும்: அறிகுறி வாரியா

கிளாக் 19 பிஸ்டல் வந்தது 1988ல. அதுக்கு முன்னாடி 1982ல ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ பி80ன்னு பேர் வச்சு எடுத்துக்கிச்சு, அதையே பேரலையும் கைப்பிடியையும் குட்டையாக்கி இடுப்புல மறைச்சு வைக்கிற சைஸுக்கு கொண்டு வந்ததுதான் 19. 102 மிமீ பேரல், 15 ரவுண்டு (தோட்டா) பிடிக்கிற மேகசின், மேகசின் இல்லாம 600 கிராம் கிட்ட எடை, அவ்ளோதான். 2010ல ஜென் 4 (நாலாம் தலைமுறை) வந்துச்சு, 2017ல ஜென் 5 வந்துச்சு, ஆனாலும் ஜென் 2, ஜென் 3 வச்சிருக்கவங்க விக்க மாட்டேங்குறாங்க, புதுசா வாங்குறவங்களும் பழசைத் தேடுறாங்க.

ஏன்னு கேட்டா என் பதில் இதுதான்: இந்த பிஸ்டல் கெட்டுப்போகாதுன்னு இல்ல, கெட்டுப்போனா எது கெட்டுச்சுன்னு அதுவே சொல்லிடும். ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னாடி ரெண்டு மூணு காரணம்தான் இருக்கும், அதுல முக்கால்வாசி மேகசின், ஸ்ப்ரிங், தோட்டா, இல்லன்னா பிடிக்கிற கை, எல்லாமே மலிவா சரி பண்ணக்கூடியது. உள்ள இருக்கிற பார்ட்ஸே மொத்தம் முப்பத்தி சொச்சம்தான். அதனாலதான் இதை அறிகுறி வாரியா எழுதுறேன், உங்களுக்கு எது நடக்குதோ அங்க போய் பாருங்க. ஆனா அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க.

எதைத் தொடுறதுக்கும் முன்னாடி

கிளாக்கை கழட்டணும்னா ட்ரிக்கரை அமுக்கித்தான் ஆகணும், டிசைனே அப்படி. அதனால சேம்பர்ல, அதாவது பேரலோட பின் முனையில தோட்டா உக்காருற இடத்துல, ஒரு ரவுண்டு இருக்கிறது தெரியாம கழட்டப் போனா அது வெடிக்கும், அப்படி நிறைய பேருக்கு அடிபட்டிருக்கு. வரிசை மாறவே கூடாது: முதல்ல மேகசினை உருவுங்க, அப்புறம் ஸ்லைடை (மேல முன்னும் பின்னும் ஓடுற இரும்புப் பகுதி) பின்னாடி இழுத்து லாக் பண்ணுங்க, சேம்பரை கண்ணால பாருங்க, சுண்டு விரலை விட்டு தடவியும் பாருங்க, தோட்டா எல்லாத்தையும் வேற ரூமுக்கு கொண்டு போய் வைங்க, அதுக்கப்புறம் பாதுகாப்பான பக்கம் நீட்டிக்கிட்டு ட்ரிக்கர். மேகசின் உள்ள இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தா, ஒரு ரவுண்டு வெளிய விழும், அடுத்தது சேம்பர்ல ஏறிடும், அதுக்கப்புறம் மேகசினை உருவுனாலும் துப்பாக்கி லோடட்தான். அந்த வரிசைத் தப்புலதான் ஆள் மாட்டுறது.

இன்னொண்ணு, நீங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தா முந்தின ஆள் உள்ள என்னல்லாம் மாத்தியிருக்கார்னு தெரியாது. லைட்டான ஃபயரிங் பின் (தோட்டா அடியைக் குத்துற ஊசி) ஸ்ப்ரிங், வேற கனெக்டர், பாலிஷ் போட்ட ட்ரிக்கர் பார் (ரெண்டும் ட்ரிக்கரோட சேந்து வேலை செய்ற உள் தகடுங்க), ஸ்டீல் கைடு ராடு (ரீகாயில் ஸ்ப்ரிங்குக்குள்ள போற கம்பி), இப்படி எதாவது இருந்தா முதல்ல அதையெல்லாம் எடுத்துட்டு கம்பெனி பார்ட்ஸ் போட்டு சுட்டுப் பாருங்க. பாதி கம்ப்ளைன்ட் அங்கயே முடிஞ்சிடும்.

ரவுண்டு சேம்பருக்குள்ள ஏறல, மூக்கு குத்தி நிக்குது

மொதல் சந்தேகம் மேகசின் மேலதான் வரணும், துப்பாக்கி மேல இல்ல. உங்ககிட்ட இருக்கிற எல்லா மேகசினுக்கும் அடியில பெயிண்ட் மார்க்கர்ல நம்பர் போடுங்க, ஒவ்வொரு தடவ மாட்டும்போதும் எந்த நம்பர்னு குறிச்சு வைங்க. ஒரே நம்பர்லதான் திரும்பத் திரும்ப வருதுன்னா பிஸ்டலை கழட்டவே வேண்டாம், அந்த மேகசினோட கதைதான் அது. எல்லா மேகசின்லயும் வந்தா மட்டும் துப்பாக்கி பக்கம் போங்க.

மேகசின்ல எதைப் பாக்கணும்னா, முதல்ல ஸ்ப்ரிங். லோடு பண்ணி அப்படியே வச்சிருக்கிறதால ஸ்ப்ரிங் சோர்ந்து போகும்னு சொல்வாங்க, நிஜத்துல அதைவிட அமுக்கி அமுக்கி விடுறதுதான் அதைத் தேய்க்குது, அதனால ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற மேகசின் சீக்கிரம் சோரும், வீட்ல ஃபுல்லா கிடக்கிறது சோராது. அப்புறம் மேல இருக்கிற ரெண்டு உதடு, அதுல விரிசலோ விரிவோ இருக்கான்னு நல்ல மேகசினோட பக்கத்துல வச்சு பாருங்க. ஃபாலோயர் (உள்ள தோட்டாவைத் தாங்கி மேல தள்ளுற தட்டு) விரலால அமுக்கி விடும்போது எங்கயும் இடறாம மேல வரணும். உள்ள மண்ணு, பவுடர் கரி இருந்தா துணியால காய்ஞ்ச மாதிரியே துடைங்க, எண்ணெய் மட்டும் விடாதீங்க, எண்ணெய் தூசியை இழுத்து பிடிக்கும், பிரைமருக்குள்ள (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற பொட்டு) இறங்குனா ரவுண்டும் கெட்டுடும்.

மேகசின் முழுசா உள்ள போய் கிளிக்குனு உக்காரலன்னாலும் இதே அறிகுறிதான் வரும். 15 ரவுண்டும் நிரப்பி ஸ்லைடு மூடியிருக்கும்போது மாட்டுனா கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அடியில உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டு தட்டி, திரும்ப கீழ இழுத்துப் பாருங்க.

கிளாக் 17-ஓட நீள மேகசின் 19ல மாட்டும், வேலையும் செய்யும், அடியில நீட்டிக்கிட்டு இருக்கும் அவ்ளோதான். ஜென் 4, ஜென் 5 மேகசின் எல்லாம் ஜென் 3ல போகும். இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு பழைய பிஸ்டலுக்கு இன்னைக்கு தயாரிச்ச மேகசின் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்ங்கிறது எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம், நல்ல துப்பாக்கியா இருந்தும் மேகசின் கிடைக்காததால அலமாரியில தூங்குற மாடல்கள் எத்தனையோ இருக்கு.

ஸ்லைடு முழுசா முன்னாடி போகல, கொஞ்சம் கேப் விட்டு நிக்குது

ரீகாயில் ஸ்ப்ரிங்தான், அதாவது பின்னாடி போன ஸ்லைடை முன்னாடி தள்ளுற ஸ்ப்ரிங்தான், முதல் ஆள். இதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, ஒரு பைசா செலவு இல்லாதது. காலி பிஸ்டல், திரும்ப ஒரு தடவ செக் பண்ணிட்டு, பேரல் வாயை மேல பாத்து பிடிங்க, ட்ரிக்கரை அமுக்கி அப்படியே பிடிச்சுக்கிட்டு ஸ்லைடை முழுசா இழுங்க, இப்ப கையை விட்டுடாம மெதுவா, ரொம்ப மெதுவா முன்னாடி போக விடுங்க. ஸ்லைடு தன்னால முழுசா மூடணும். மூடாம பாதியில தொங்குனா ஸ்ப்ரிங் சோர்ந்து போச்சு, மாத்துங்க. ஜென் 3ல இது ஒத்தை ஸ்ப்ரிங், ராடோட சேத்தே ஒரே பீஸா வரும், பொதுவா 3000-லேர்ந்து 5000 ரவுண்டுக்குள்ள மாத்திடுறது வழக்கம். ஜென் 4ல டபுள் ஸ்ப்ரிங், அது இதுல மாட்டாது, ஆர்டர் போடும்போது கவனம். அந்த ஜென் 4 ஸ்ப்ரிங்கை ஆரம்பத்துல வந்த பிஸ்டல்களுக்கு கம்பெனியே 2011ல இலவசமா மாத்திக் கொடுத்துச்சு, ஒத்தை ஸ்ப்ரிங் வச்ச ஜென் 3 ஆளுங்க அந்தப் பக்கமே போக வேண்டியிருக்கல.

ஸ்ப்ரிங் நல்லா இருந்தும் மூடலன்னா சேம்பரைப் பாருங்க, கரி படிஞ்சு கிடக்கலாம். இல்ல தோட்டா பிரச்சனை, அதுவும் வீட்ல ரீலோடு பண்ணதா (சுட்ட கூட்டுல திரும்ப மருந்தும் குண்டும் போட்டதா) இருந்தா. பேரலை தனியா கழட்டி கையில வச்சுக்கிட்டு அதுல அந்த ரவுண்டைப் போடுங்க, டொப்புனு விழணும், பேரலைக் கவுத்தா தன்னால வெளிய விழணும், மாட்டிக்கிட்டா அந்த பேட்ச் தோட்டாவை ஓரங்கட்டுங்க.

இன்னொரு சின்ன விஷயம், சுத்தம் பண்ணி திரும்ப மாட்டும்போது கைடு ராடோட பின் முனை பேரல் அடியில இருக்கிற அந்த அரை வட்ட வெட்டுல சரியா உக்காரணும், கொஞ்சம் தள்ளி உக்காந்தா ஸ்லைடு பிடிச்ச மாதிரி ஓடும். புதுசா கழட்டி மாட்டுறவங்க பயந்து போறது பெரும்பாலும் இதுக்குத்தான்.

சுட்ட கேஸ் வெளிய போகாம ஸ்லைடுல செங்குத்தா மாட்டுது

இதுக்கு நிறைய பேர் உடனே எக்ஸ்ட்ராக்டரை (கேஸை, அதாவது காலி தோட்டாக் கூட்டை, சேம்பர்லேர்ந்து இழுக்கிற கொக்கி) மாத்த ஓடுவாங்க, நிதானம். பாலிமர் ஃப்ரேம் (கைப்பிடி சேந்த அடிப்பாகம்) லைட்டு, அதனால அது அசையாம இருக்கிறதுக்கு உங்க கைதான் பொறுப்பு. சுடும்போது ஸ்லைடு பின்னாடி ஓடணும், ஃப்ரேம் நிக்கணும், மணிக்கட்டு தளர்வா இருந்தா ஃப்ரேமும் சேந்து பின்னாடி வருது, அப்ப ஸ்லைடு முழு தூரம் ஓடாம பாதியில திரும்புது, கேஸ் எஜெக்டர்ல (கேஸை வெளிய தட்டி விடுற தகடு) வேகமா மோதாது, அங்கயே சிக்கும். இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம், கை உறுதியா இருக்கிற வேற ஒருத்தர்கிட்ட அதே துப்பாக்கி அதே மேகசின் அதே தோட்டா கொடுத்து சுடச் சொல்லுங்க. அவருக்கு வரலன்னா துப்பாக்கியில ஒண்ணும் இல்ல. களைப்பா இருக்கும்போது, ரொம்ப நேரம் சுட்டதுக்கப்புறம், ஒத்தைக் கையில சுடும்போது மட்டும் வருதுன்னாலும் இதே காரணம்தான்.

அடுத்தது தோட்டா, ரொம்ப வீக்கான டார்கெட் லோடு புது ஸ்ப்ரிங்கோட சேந்தா ஸ்லைடை முழுசா தள்ளாது. மூணாவதாதான் எக்ஸ்ட்ராக்டர். நகம் மாதிரி இருக்கிற அந்த கொக்கிக்கு அடியில பித்தளைத் தூளும் கரியும் சேந்து கெட்டியா அப்பிக்கிடக்கும், நைலான் பிரஷ்ஷோ பல் குத்துற குச்சியோ வச்சு நோண்டி எடுங்க, முனை உடைஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க.

கேஸ் வெளிய போகுது, ஆனா நெத்தியிலயும் தலையிலயும் வந்து விழுதுன்னா அது தனிக் கதை. 2010-ஐ ஒட்டி வந்த 9 எம்எம் பிஸ்டல்கள்ல, கடைசி ஜென் 3 உட்பட, இந்த கம்ப்ளைன்ட் நிறைய வந்துச்சு. எஜெக்டர்ல பாருங்க, 336ன்னு நம்பர் இருந்தா பழையது, 30274 திருத்தி வந்தது. பல பேருக்கு அந்த ஒரு மாத்தத்துலயே சரியாச்சு. ஒரு விஷயம், எஜெக்டர் ட்ரிக்கர் ஹவுசிங்கோட ஒட்டியே வரும், ஹவுசிங்கை ஜென் பாத்து வாங்கணும். அதைவிட பழைய ஜென் 2, ஆரம்ப ஜென் 3 வச்சிருக்கவங்க இந்த பிரச்சனையை கேள்விப்பட்டதோட சரி, பழசுக்கு இன்னைக்கும் மவுசு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காலி கேஸ் உள்ளயே இருக்கு, அதுக்குப் பின்னாடி அடுத்த ரவுண்டு முட்டுது

டபுள் ஃபீட். தட்டி இழுத்தா இது போகாது, இன்னும் இறுகும். விரல் ட்ரிக்கருக்கு வெளிய, வாய் டார்கெட் பக்கம், ஸ்லைடை பின்னாடி லாக் பண்ணுங்க, மேகசினைப் பிடுங்குங்க, ஸ்லைடை ரெண்டு மூணு தடவ ஓங்கி இழுங்க, உள்ள காலின்னு பாத்துட்டு திரும்ப மேகசின் போடுங்க. அடிக்கடி வந்தா சேம்பர் அழுக்கு, எக்ஸ்ட்ராக்டர், மேகசின் உதடு, இந்த வரிசையில பாருங்க.

ட்ரிக்கர் அமுக்குனா கிளிக்குனு மட்டும் கேக்குது

உடனே ஸ்லைடை இழுக்காதீங்க. வாயை டார்கெட் பக்கமே வச்சு ஒரு 30 செகண்ட் காத்திருங்க, லேட்டா வெடிக்கிற தோட்டாவும் உண்டு. அப்புறம் அந்த ரவுண்டை எடுத்து பிரைமரைப் பாருங்க, பதில் அதுலயே எழுதியிருக்கும். நல்லா ஆழமா குத்தியிருந்தும் வெடிக்கலன்னா தோட்டா கோளாறு. குத்தின தடமே இல்லன்னா ஒண்ணு ஸ்லைடு முழுசா மூடியிருக்காது, இல்ல ஃபயரிங் பின் முனை போயிருக்கும். லேசா தொட்ட மாதிரி தடம் இருந்தா, அதுதான் இங்க அதிகம் நடக்கிறது, ஃபயரிங் பின் ஓடுற அந்த குழாய்க்குள்ள எண்ணெய் இறங்கியிருக்கு.

நல்லா பராமரிக்கணும்ங்கிற ஆசையில ஸ்லைடு முழுக்க எண்ணெய் ஊத்துறவங்களுக்குத்தான் இது வரும். அந்தக் குழாய் காய்ஞ்சே இருக்கணும். எண்ணெய் இறங்குனா கரியும் தூளும் அதுல குழைஞ்சு பசையாகி பின்னோட வேகத்தைக் குறைக்கும், குளிர்ல இன்னும் மோசம். ஸ்லைடை தனியா கழட்டினதுக்கப்புறம் ஃபயரிங் பின் சேஃப்டியை, அந்த சின்ன வட்ட பட்டனை, விரலால அமுக்கிக்கிட்டு ஸ்லைடை முன்னும் பின்னும் குலுக்குங்க, உள்ள பின் தடதடன்னு ஓடுற சத்தம் கேக்கணும். சத்தம் மந்தமா இருந்தா பின்பக்க தட்டைக் கழட்டி பின்னை உருவி, குழாயை உலர்த்தி துடைச்சு, ஒரு சொட்டு கூட எண்ணெய் விடாம மாட்டுங்க. அந்த ஸ்ப்ரிங்கைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குட்டி கப் இருக்கும், கீழ விழுந்தா தேடி எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும், துணி விரிச்சு அது மேல வேலை பாருங்க.

எண்ணெய் எங்கதான் விடணும்னா: பேரலோட வெளிப்பக்கம், அது ஸ்லைடோட உரசுற மேல் பகுதி, ஃப்ரேம்ல இருக்கிற நாலு ரெயிலுக்கும் ஆளுக்கொரு சொட்டு, அப்புறம் வலது பின் மூலையில கனெக்டரும் ட்ரிக்கர் பாரும் தொடுற இடத்துல ஒரு சொட்டு. கடைசி சொட்டை நிறைய பேர் மறந்துடுறாங்க, ட்ரிக்கர் கனமா கரகரன்னு இருக்குன்னா அங்கதான் பாக்கணும்.

வெடிச்ச சத்தம் மந்தமா புஸ்ஸுன்னு வந்துச்சு

நிறுத்துங்க. அடுத்த ரவுண்டு சுடவே கூடாது. குண்டு பேரல்லயே சிக்கியிருக்கலாம், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு போனா பேரல் வெடிச்சுடும். காலி பண்ணி, கழட்டி, பேரல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கொண்டு போங்க.

ஜாக்கெட் (மேல் உறை) இல்லாத வெறும் ஈயக் குண்டைப் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். ஜென் 4 வரைக்கும் கிளாக் பேரல் உள்ள பாலிகோனல் (பல கோண வடிவ) வெட்டு, அதுல ஈயம் படிஞ்சு பிரஷர் ஏறும்னு கம்பெனியே அதைப் போடாதீங்கன்னு சொல்லுது. மலிவா கிடைக்குதுன்னு போடாதீங்க.

ட்ரிக்கர் முன்னாடி வரல

ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்க வேண்டாம். காலி பிஸ்டல்ல ட்ரிக்கர் அமுக்கினதுக்கப்புறம் அது பின்னாடியே கிடக்கும், ஸ்லைடை இழுத்தாத்தான் திரும்ப முன்னாடி வரும், அது கோளாறு இல்ல, கிளாக் அப்படித்தான். ஸ்லைடை இழுத்த பிறகும் ட்ரிக்கர் தொளதொளன்னு ஆடுதுன்னா ட்ரிக்கர் ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கு. ஜென் 1-லேர்ந்து ஜென் 4 வரைக்கும் எஸ் எழுத்து மாதிரி போடுற காயில் ஸ்ப்ரிங் அது, வருஷக்கணக்கா ட்ரை ஃபயர் பண்றவங்களுக்கு (தோட்டா இல்லாம ட்ரிக்கரை அமுக்கிப் பழகுறவங்க) ஒரு நாள் கொக்கி முனையில உடையும். ரொம்ப மலிவு, ஒண்ணு எப்பவும் ஸ்பேரா வச்சுக்கங்க.

மாத்தும்போது ஃப்ரேம் பின்களை கழட்டணும். ரெண்டு பின் மேல கீழ இருக்கிற ஜென் 3ல மேல இருக்கிற லாக்கிங் பிளாக் (ஃப்ரேமுக்குள்ள பேரலைப் பூட்டுற இரும்புத் துண்டு) பின் முதல்ல வெளிய வரணும், மாட்டும்போது அதுதான் கடைசி. சுத்தியலால அடிக்காதீங்க, ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைத் திறந்து நிறுத்துற லீவர்) லேசா ஆட்டிக்கிட்டே தள்ளுனா நழுவி வரும்.

கடைசி ரவுண்டு முடிஞ்சும் ஸ்லைடு திறந்து நிக்கல

முக்கால்வாசி உங்க கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல படுத்திருக்கும். பிடியை மாத்தி சுட்டுப் பாருங்க. அப்பவும்னா மேகசின் ஸ்ப்ரிங். இதுக்கு எதிர்மாறா, ரவுண்டு இருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்னா கட்டைவிரல் கீழேர்ந்து லீவரைத் தள்ளுது, இல்லன்னா கடைசியா கழட்டி மாட்டினவர் அந்த லீவரோட குட்டி ஸ்ப்ரிங்கை லாக்கிங் பிளாக் பின்னுக்கு அடியில விடாம மேல விட்டிருக்கார். லீவரை மேல தூக்கி விடுங்க, சட்டுனு கீழ அடிக்கணும்.

பட்டன் அமுக்குனா மேகசின் தன்னால விழல

ஜென் 1, ஜென் 2 காலத்து மேகசினா இருந்தா அது கோளாறே இல்ல. அப்ப உள்ள இரும்புத் தகடு எல்லாப் பக்கமும் கிடையாது, ரவுண்டு நிரப்புனா பாலிமர் லேசா உப்பும், உள்ள பிடிச்சுக்கும், கையால உருவணும்னே செஞ்சது. பின்பக்கம் மேல பாருங்க, வெட்டு யூ வடிவத்துல இருந்தா அந்த ரகம், சதுரமா இருந்தா தகடு முழுசா இருக்கிற பிற்பாடு வந்த ரகம், அது விழணும். தன்னால விழுறதுதான் வேணும்னா புது மேகசின் வாங்குங்க.

குண்டு எல்லாம் கீழ இடது பக்கமா போகுது

வலது கைக்காரருக்கு இது வந்தா சைட்டை நகர்த்தாதீங்க. சுடுற நொடியில மத்த விரல்களும் சேந்து இறுகுது, அதுதான். மேகசின்ல யாரையாவது ஒரு ஸ்னாப் கேப்பை (மருந்தில்லாத டம்மி தோட்டா) நடுவுல கலந்து போடச் சொல்லுங்க, அது வரும்போது வாய் குனியுறது கண்ணுக்கே தெரியும். குனியலன்னா முன் சைட்டை விரலால ஆட்டிப் பாருங்க, பழைய பாலிமர் சைட் ஹோல்ஸ்டர்ல உரசி உரசித் தேயும், லூசும் ஆகும். மாத்துறதா இருந்தா ஸ்டீல் போடுங்க.

கறுப்பு உரிஞ்சு வெள்ளையா தெரியுது

ஒண்ணும் பண்ண வேண்டாம். துருவைத் தடுக்கிறது அந்த கறுப்பு இல்ல, அதுக்கு அடியில ஸ்டீலுக்குள்ளயே ஏத்தியிருக்கிற டெனிஃபர்ங்கிற பதப்படுத்தல். முனையெல்லாம் உரிஞ்ச பழைய ஸ்லைடு அழகாவும் இருக்கும். சின்ன பார்ட்ஸ்ல மட்டும், ஸ்லைடு ஸ்டாப் மாதிரி இடங்கள்ல, வேர்வை படுற ஆளா இருந்தா எண்ணெய்த் துணியால ஒரு துடை துடைச்சு வைங்க.

எப்ப நீங்களே கையை வைக்கக் கூடாது

ஃப்ரேம் ரெயில்ல உடைசல், லாக்கிங் பிளாக்ல விரிசல், ஃபயரிங் பின் சேஃப்டி அமுக்காமலே பின் வெளிய எட்டிப் பாக்குறது, ட்ரிக்கர் நடுவுல இருக்கிற நாக்கை அமுக்காமலே ட்ரிக்கர் பின்னாடி போறது, இதுல எது இருந்தாலும் சுடுறதை விட்டுட்டு ஆர்மரர்கிட்ட கொடுங்க. இந்த பிஸ்டல்ல வெளிய லீவர் சேஃப்டி கிடையாது, உள்ள இருக்கிற மூணு சேஃப்டிதான் எல்லாம், அதுல ஒண்ணு போனாலும் விளையாடக் கூடாது. 1990களோட ஆரம்பத்துக்கு முந்தின பிஸ்டலா இருந்தா, ஃபயரிங் பின், அதோட சேஃப்டி எல்லாம் சேத்து அப்ப கம்பெனி கொடுத்த அப்கிரேடு ஆயிருக்கான்னும் அவரையே பாக்கச் சொல்லுங்க.

பார்ட்ஸ் கிடைக்குமான்னு கவலையே வேண்டாம். கலிஃபோர்னியாவுல விக்க அனுமதிச்ச துப்பாக்கி லிஸ்ட்ல ஜென் 4, ஜென் 5 ஏறாம இருந்த வருஷங்கள்ல அங்க கடையில புதுசா வித்தது ஜென் 3 தான், வேற கம்பெனிகள் கிளாக் மாதிரி செய்யும்போதும் ஜென் 3 அளவைத்தான் எடுத்துக்கிட்டாங்க, அதனால ஸ்ப்ரிங், பின், பேரல், ஸ்லைடு எல்லாமே ரெண்டு மூணு இடத்துல தயாராகுது.

எதை மாத்தினாலும், தற்காப்புக்கு வச்சிருக்கிற துப்பாக்கியா இருந்தா, நீங்க நிஜமா அதுல போட்டு வைக்கப் போற அதே தோட்டாவுல, அதே மேகசின்கள்ல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு தடவ நிரப்பி ரேஞ்சுல சுட்டு முடிச்சதுக்கப்புறம்தான் இடுப்புல ஏத்தணும். நடுவுல ஒண்ணு சிக்குச்சுன்னா எந்த நம்பர் மேகசின்னு பாத்துட்டு மேல சொன்ன முதல் அறிகுறியிலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க.